ஐந்தொகையும் ஐந்து தொகைகளும்

"மூன்று வருடங்கள் முடிந்ததும் முகவர் ஐந்து தொகைகளை எழுதி முதலாளிக்கு அனுப்பிவைத்தார்." ஒரு முதுகலை ஆய்வேட்டின் 43-ஆம் பக்கத்தில் இந்த வரி இருந்தது. அதே ஆய்வேட்டின் இரண்டாம் பக்கத்தில், நெறியாளர் என்று அச்சிட்ட இடத்துக்கு மேலே, என் கையெழுத்து இருந்தது. இரண்டு மாதமாகியும் அந்த வரி என்னை விடவில்லை. பாத்திரம் கழுவும்போது வருகிறது, பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும்போது வருகிறது. எங்கள் காரைக்குடிப் பக்கத்தில் வயதானவர்கள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்: கொண்டுவிற்கப் போன, அதாவது கடல்கடந்து வட்டித்தொழில் பார்க்கப் போன, கடைகளில் எழுதியது ஐந்தொகை. வரவும் பற்றும் ஒன்றுக்கொன்று நேராக நிற்க வேண்டிய ஒரே கணக்கு. ஐந்து தொகைகள் என்று எந்தக் கடையிலும் யாரும் எழுதியதில்லை.

அந்த ஆய்வேட்டை எழுதிய பெண் வரலாறு எம்.ஏ. இறுதிப் பருவம். மலாயாவில் இருந்த நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) கடைகளின் கணக்குமுறை என்று தலைப்பு எடுத்திருந்தாள். தலைப்பை அவளே கொண்டுவந்தாள். கண்டனூரில் அவர்கள் வீட்டு இரண்டாங்கட்டில் ஒரு தகரப்பெட்டி நிறையப் பழைய பேரேடுகளும் சிட்டைகளும் கிடந்தன. அவளுடைய ஐயா, அதாவது தாத்தா, 1951-ல், பதின்மூன்று வயதில், நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பலேறி பினாங்கில் இறங்கி, அங்கிருந்து ஈப்போவில் ஒரு கடைக்குப் போனவர். பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து, அடுத்தாளாகி, கடைசியில் கடையைப் பார்த்துக்கொள்ளும் மேலாளாகவே திரும்பியவர். இவ்வளவும் கையில் இருக்கிற மாணவி எத்தனை பேருக்குக் கிடைப்பாள்? முதல் வரைவைப் படித்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வாக்கியங்கள் அங்கங்கே தடுக்கின, ஒருமை பன்மை இடறியது. ஆனால் சொல்கிற விஷயம் அவளுக்குத் தெரிந்திருந்தது. ஐந்தொகையை ஐந்தொகை என்றும், கிட்டங்கியைக் கிட்டங்கி என்றும்தான் எழுதியிருந்தாள்.

திங்கட்கிழமை சமர்ப்பிக்க வேண்டும். முந்தைய வியாழன் அன்று ஒப்புமைச் சோதனை அறிக்கை, அதாவது எழுதியதில் எவ்வளவு பிறர் எழுத்தோடு ஒத்துப்போகிறது என்று மென்பொருள் சொல்லும் கணக்கு, வந்தது. 34 சதவீதம். மாலையில் துறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள், முகம் வெளுத்துப் போயிருந்தது. பல்கலைக்கழக மானியக் குழு 2018-ல் கொண்டுவந்த விதிகளை அவள் வகுப்பில் எல்லோரும் மனப்பாடமாகச் சொல்வார்கள். 10 வரை தண்டனை இல்லை. 10-க்கு மேல் 40 வரை என்றால் திருத்தி, அதிகபட்சம் ஆறு மாதத்துக்குள் மறுபடி கொடுக்க வேண்டும். 40-க்கு மேல் 60 வரை ஒரு வருடத் தடை. அதையும் தாண்டினால் பதிவே ரத்து. ஆறு மாதம் தள்ளிப்போனால் பி.எட். சேர்க்கை போய்விடும் என்றாள். "பார்த்துச் சரிபண்ணும்மா" என்றேன். எப்படிச் சரிபண்ண வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அன்றைக்கு எனக்கு வேறு நான்கு ஆய்வேடுகள் இருந்தன. இதைக் காரணமாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

பேருந்து நிலையத்துக்கு அருகே ஒரு டிடிபி கடைக்குப் போயிருக்கிறாள். சதவீதம் குறைத்துத் தருவதற்குப் பக்கத்துக்கு இவ்வளவு என்று ரேட் உண்டு. அங்கே செய்ததெல்லாம் இதுதான்: மூன்றாம் இயலையும் நான்காம் இயலையும் கணினியில் கொடுத்து ஆங்கிலத்துக்கு மாற்றி, அந்த ஆங்கிலத்தை மறுபடி தமிழுக்கு மாற்றி ஒட்டிவிட்டார்கள். சொற்கள் எல்லாம் மாறிவிடும், சோதனையில் எதுவும் சிக்காது. வெள்ளிக்கிழமை மதியம் இரண்டு வகுப்புகளுக்கு நடுவே ஓடிவந்தாள். "மேம், ஏழுதான் மேம்." அறிக்கையின் முதல் பக்கத்தில் பெரிதாக 7 என்று இருந்தது. அந்த எண்ணைப் பார்த்தேன். ஆய்வேட்டைப் பார்க்கவில்லை. மூன்று படிகளிலும் கையெழுத்துப் போட்டேன்.

முகப்பில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

சனிக்கிழமை இரவு ஒன்பதரைக்குப் போன் வந்தது. "மேம், ஐயா ஒண்ணு கேக்குறாங்க, எனக்குச் சொல்லத் தெரியல. நீங்க ஒரு நடை வர முடியுமா?" அழுதிருக்கிறாள் என்று குரலிலேயே தெரிந்தது.

மறுநாள் காலை டவுன் பஸ் பிடித்துப் போனேன். முகப்பில் சாய்வு நாற்காலியில் ஐயா உட்கார்ந்திருந்தார். "வாங்க டீச்சர், இருங்க" என்று எதிர் நாற்காலியைக் காட்டினார். அவள் அம்மா காபி கொண்டுவந்து வைத்துவிட்டு வளவு வாசலில் நின்றுகொண்டார். எல்லோரும் எதற்கோ காத்திருக்கிற மாதிரி இருந்தது. "நேத்து எங்க நிப்பாட்டுன, அங்கருந்து வாசி ஆத்தா" என்றார். பேத்தியின் ஆய்வேட்டை முதல் நாள் மாலை அவர்தான் வாசிக்கச் சொல்லியிருக்கிறார். கண் சரியாகத் தெரியாது, காது நன்றாகக் கேட்கும்.

அவள் தரையில் ஆத்தங்குடிக் கல்லில் சம்மணமிட்டு உட்கார்ந்து வாசித்தாள். "கடையில் பெட்டியின் கீழ் ஒரு சிறுவன் இருந்தான். அவனுக்கு மேல் அடுத்த மனிதர் இருந்தார். அடுத்த மனிதர் பெரிய புத்தகத்தில் எழுதினார்."

"நில்லு. பெட்டிக்குக் கீழ எவன் இருந்தான்?" என்று கேட்டார். குரலில் கோபமே இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள், நான் அவள் கையில் இருந்த தாளைப் பார்த்தேன். பெட்டியடிப் பையன், அடுத்தாள், பேரேடு. மூன்றும் போய்விட்டன. அந்தக் கணத்தில்தான் எனக்கு உறைத்தது. பெட்டியடிப் பையன் அவர்தான். பதின்மூன்று வயதில் பணப்பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, காசு எண்ணி, கடிதம் கொண்டுபோய், வெற்றிலை வாங்கிவந்து, இரவில் மேலாள் தூங்கின பிறகு கணக்குப் படித்த பையன். தன்னைப் பற்றித்தான் பேத்தி எழுதியிருக்கிறாள் என்பதே அவருக்குத் தெரியவில்லை. வேறு யாரோ ஒரு ஊரில் வேறு யாரோ ஒரு சிறுவன் பெட்டிக்கு அடியில் ஒளிந்திருந்த கதையைக் கேட்பது போலக் கேட்டுக்கொண்டிருந்தார்.

மேலே வாசிக்க வாசிக்க எனக்கு உட்கார முடியவில்லை. 'கொண்டுவிற்கப் போனார்கள்' என்று இங்கே தலைமுறை தலைமுறையாகச் சொல்கிற சொல், 'பொருட்களை எடுத்துச்சென்று விற்றனர்' ஆகியிருந்தது. வட்டிக்கடை வைத்திருந்தவர்கள் தெருத்தெருவாகச் சரக்கு விற்றது போல இருந்தது. கடைக்காரர்கள் வரிசையாக உட்கார்ந்து தொழில் பார்த்த நீண்ட கூடமான கிட்டங்கி, 'சரக்குகளைச் சேமிக்கும் கிடங்கு' ஆகியிருந்தது. வீட்டுப் பெட்டியில் கிடைத்த ஆவணங்களைச் சொல்லும் இடத்தில், கல்யாணத்தில் எழுதும் இசைகுடிமானம் 'இசைக் குடியிருப்பு' என்றிருந்தது. அப்புறம் 43-ஆம் பக்கத்துக்கு வந்தோம். ஐந்து தொகைகள். ஐயா கையை உயர்த்தி நிறுத்தச் சொல்லிவிட்டு, கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "ஆறாவது தொகை எங்க டீச்சர் போச்சு?" என்று கேட்கவில்லை, அப்படிக் கேட்டிருந்தால்கூட எனக்கு லேசாக இருந்திருக்கும். "இது நம்ம கடை இல்ல போலருக்கு" என்று மட்டும் சொன்னார்.

அந்த ஆய்வேட்டில் 7 சதவீதம்தான் ஒப்புமை. நான் கையெழுத்துப் போட்டிருந்தேன்.

34 எங்கிருந்து வந்தது

துறைத்தலைவரிடம் போனில் பேசி புதன்கிழமை மாலை நான்கு மணி வரை நேரம் வாங்கினேன். அவர் கொடுத்தார், அதற்கு நன்றி. ஞாயிறு மதியம் அங்கேயே, முகப்பில் பாய் விரித்து, பழைய அறிக்கையைப் பிரித்தேன். 34 சதவீதம் என்ற முதல் பக்கத்தை எல்லோரும் பார்த்திருந்தோம். உள்ளே நிறம் நிறமாகக் கோடிட்டிருந்த எண்பது பக்கத்தை யாரும் பார்க்கவில்லை.

துணைநூற்பட்டியல் பதினோரு பக்கம், முழுவதும் சிவப்பு. புத்தகப் பெயர் யார் எழுதினாலும் அதே பெயர்தானே? உறுதிமொழிப் பக்கம், சான்றிதழ், நன்றியுரை எல்லாம் கோடிட்டிருந்தன. அந்த வாசகத்தைத் துறையே அச்சடித்துத் தருகிறது. மேற்கோள் குறிக்குள் ஆதாரத்தோடு கொடுத்த பத்திகளும் எண்ணப்பட்டிருந்தன. இவை எதையும் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று அதே 2018 விதிகளில்தான் இருக்கிறது. மேற்கோளாக ஆதாரம் காட்டியவை, துணைநூற்பட்டியல், பொருளடக்கம், முன்னுரை, நன்றியுரை, பொதுவான கலைச்சொற்கள், சட்டப் பெயர்கள் விலக்கு. தற்செயலாகத் தொடர்ந்து 14 சொற்கள் வரை ஒத்துப்போனாலும் விலக்கு. தண்டனையை மனப்பாடமாகச் சொல்கிற பிள்ளைகளுக்கு விலக்கை யாரும் சொல்லித் தருவதில்லை. நானும் சொல்லித் தந்ததில்லை. விலக்க வேண்டியதை விலக்கி மறுபடி சோதித்தபோது 15 வந்தது.

இந்த மென்பொருள்கள் தமிழில் எதைப் பார்க்கின்றன, எதைப் பார்ப்பதில்லை என்பதையும் நாம் கவனிப்பதில்லை. சில வருடங்களுக்கு முன் ஒரு மாணவரின் ஆய்வேட்டுக்கு சுழியம் சதவீதம் வந்தது. துறையே பாராட்டியது. பிறகுதான் தெரிந்தது, அது பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்தது. பாமினியில் 'அம்மா' என்று திரையில் தெரிவது கணினிக்குள்ளே எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து குறிகள்தான். மென்பொருள் அதைத் தமிழாகவே படிக்கவில்லை. உலகத்தில் எதனோடும் ஒத்துப்போகாத உளறலாகத்தான் அதற்குத் தெரிந்திருக்கும். யூனிகோடில் அடித்தவர்களுக்கும் வேறு தொல்லை உண்டு. ஔவையாரின் முதல் எழுத்தை ஒ, ள என்று இரண்டாக அடித்துவிடுவார்கள். அச்சில் வித்தியாசம் தெரியாது, தேடினால் அகப்படாது, அகரவரிசையில் வேறெங்கோ போய் உட்காரும். கண்ணுக்கும் கணினிக்கும் நடுவே இப்படி எத்தனையோ ஓட்டைகள். அந்த ஓட்டைகள் வழியே வருகிற ஒரு எண்ணை நாங்கள் நெறியாளர்கள் தெய்வ வாக்கு மாதிரி வாங்கிக்கொள்கிறோம்.

சரி, மிச்சம் 15. இதில் பாதிக்கு மேல் உண்மையிலேயே அவள் எடுத்ததுதான். பழைய ஆய்வேடு ஒன்றிலிருந்து பின்னணிக்காக ஏழெட்டுப் பத்திகள். கேட்டதும் ஒப்புக்கொண்டாள். "பர்மா பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது மேம், அதான்." இந்த ஒரு வாக்கியத்தில்தான் பெரும்பாலான நகல்கள் பிறக்கின்றன என்று நினைக்கிறேன். திருட வேண்டும் என்று யாரும் திருடுவதில்லை. தெரியாத இடத்தைக் கடக்க அடுத்தவர் போட்ட பலகையில் காலை வைக்கிறார்கள். பலகை உளுத்துப் போயிருக்கிறதா என்று பார்ப்பதில்லை.

இந்தப் பலகை உளுத்துத்தான் போயிருந்தது. '1938-இல் பர்மாவின் நிலத்தில் 25 சதவீதம் செட்டியார்கள் கையில் இருந்தது' என்று அந்தப் பழைய ஆய்வேடு சொன்னது. இந்த 25 எங்கிருந்து வந்தது என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும், அது பர்மா முழுவதற்குமான கணக்கில்லை. கீழ்ப் பர்மாவில் நெல் விளைகிற 13 முக்கிய மாவட்டங்களின் சாகுபடி நிலத்தைப் பற்றியது. அங்கே 1930-ல் அவர்கள் கையில் இருந்தது 6 சதவீதம்தான். பெருமந்தத்தில் நெல் விலை விழுந்தது, கடன் வாங்கியவர்களால் திருப்பிக் கட்ட முடியவில்லை, அடமானம் வைத்த நிலம் கடைக்காரர்கள் தலையில் வந்து விழுந்தது. அவர்களுக்கு வேண்டியிருந்தது பணம், வந்து சேர்ந்தது விற்க முடியாத வயல். எட்டே வருடத்தில் 6 எப்படி 25 ஆனது என்பதுதான் அந்த எண்ணுக்குள் இருக்கிற வரலாறு. 13 மாவட்டங்களும் 1930-ம் உதிர்ந்துபோனால், ஒரு நாட்டின் கால்வாசியை வளைத்துப்போட்ட கூட்டம் என்ற குற்றச்சாட்டு மட்டும் மிஞ்சுகிறது. 1948-ல் நில தேசியமயச் சட்டம் வந்து அந்த நிலமும் போனது. இதெல்லாம் பள்ளத்தூரிலும் கோட்டையூரிலும் பூட்டிக் கிடக்கிற வீடுகளின் கதை. அதை எழுதுகிற பெண் அந்தத் தெருவிலேயே வளர்ந்தவள்.

அந்தப் பகுதியை அவள் இரண்டு நாளில் சொந்தமாக எழுதினாள். அளவில் பாதியாகச் சுருங்கியது. மேற்கோள் ஒன்றைச் சரிபார்க்க வேண்டியிருந்தது. பழைய தமிழ்ப் புத்தகம் ஒன்றிலிருந்து யாரோ எடுத்ததை இவள் எடுத்திருந்தாள். தரமணியில் ரோஜா முத்தையா நூலகத்தில் அந்தப் புத்தகம் இருந்தது. சென்னையில் இருக்கும் அவள் சிநேகிதி செவ்வாய்க்கிழமை போய்ப் பார்த்துச் சொன்னாள்: மேற்கோளின் நடுவே ஒரு வரி விடுபட்டிருக்கிறது, அந்த வரியில் ஒரு 'இல்லை' இருக்கிறது. எங்கள் பக்கத்து ஊரான கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார் தன் வீட்டில் சேர்த்துவைத்த புத்தகங்களிலிருந்து வளர்ந்தது அந்த நூலகம். 1992-ல் அவர் காலமான பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் சேகரிப்பை வாங்கி, அது சென்னைக்குப் போனது. இங்கே ஒரு சைக்கிள் மிதியில் இருந்த பக்கத்தைப் பார்க்க இப்போது ரயிலேற வேண்டும். இருந்தாலும் அது எங்கேயோ பத்திரமாக இருக்கிறதே என்று அன்றைக்கு மனம் நிறைந்துபோனது.

மூன்று மாலைகள்

ஞாயிறு, திங்கள், செவ்வாய். ஞாயிறு அங்கேயே இருந்தேன், மற்ற இரண்டு மாலையும் கல்லூரி முடிந்து கண்டனூர் போனேன். அவள் வாய்விட்டு வாசிப்பாள். நான் மூல ஆவணத்தைக் கையில் வைத்துக்கொண்டு, ஒத்துப்போகிற ஒவ்வொரு எண்ணுக்கும் பெயருக்கும் பென்சிலால் புள்ளி வைப்பேன். ஐயா கண்ணை மூடிக் கேட்பார். கடையிலும் அப்படித்தானாம், ஒருத்தர் வாசிக்க ஒருத்தர் ஒத்துப் பார்ப்பது. எழுதினவனே ஒத்துப் பார்த்தால் கண் தான் நினைத்ததைத்தான் படிக்கும் என்றார்.

பதினாறு வருடமாக நான் ஆய்வேடு பார்க்கிறேன். ஓரங்கள் ஒன்றரை அங்குலமா, இயல் தலைப்பு நடுவில் இருக்கிறதா, அடிக்குறிப்பு எண் தொடர்கிறதா, ஒற்று மிகுந்திருக்கிறதா என்று பார்ப்பேன். தாளில் பார்ப்பதும் காதில் கேட்பதும் வேறு என்று அந்த மூன்று மாலைகளில்தான் தெரிந்துகொண்டேன். தாளில் கண் வழுக்கிக்கொண்டு போகிற வாக்கியம் வாயில் நின்றுவிடுகிறது. அவளுக்கே புரியாத வாக்கியத்தை வாசிக்கும்போது அவள் குரல் வேகமாகும். அதை இரண்டாம் மாலையே கண்டுபிடித்துவிட்டேன். குரல் எங்கே ஓடுகிறதோ அங்கே நிறுத்தி, "இதுக்கு என்ன அர்த்தம், எனக்குச் சொல்லு" என்பேன். சொல்லுவாள். "அதையே எழுது" என்பேன். அப்படி எழுதினதெல்லாம் நன்றாக இருந்தது. அடித்துச் சொல்கிறேன், அந்த ஆய்வேட்டின் சிறந்த பத்திகள் அப்படி வந்தவைதான்.

ஒவ்வொரு இடத்திலும் ஐயா ஏதாவது சேர்ப்பார். மேலாள் மாறும்போது பழையவர் ஐந்தொகை போட்டுப் புதியவரிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் கப்பலேற வேண்டும். மூன்று வருடத்து உழைப்பு அந்த ஒரு தாளில் நிற்கும் என்றார். நேர்காணல் என்று தேதியிட்டு அதையும் அடிக்குறிப்பில் சேர்த்தாள். செவ்வாய் இரவு பெட்டியடிப் பையன் பகுதியை மறுபடி முதலிலிருந்து வாசித்தாள். ஐயா இடையில் நிறுத்தவே இல்லை. முடிந்ததும் கண்ணைத் திறக்காமலே, "சமையக்காரர் பேரு விட்டுப்போச்சு. நல்ல மனுசன். அவரையும் போடு" என்றார்.

கடைசிச் சோதனையில் 8 வந்தது. டிடிபி கடைக்காரர் தந்ததைவிட ஒன்று அதிகம். இந்த முறை கையெழுத்துப் போடுவதற்கு முன் 92 பக்கமும் படித்திருந்தேன்.

புதன் காலை பதினொன்றரைக்கு பைண்டிங் முடிந்து மூன்று படிகளும் கைக்கு வந்தன. கறுப்பு ரெக்சின், தங்க எழுத்து. ஐயாவிடம் காட்டிவிட்டுப் போகலாம் என்றாள், ஆட்டோவில் கண்டனூர் போனோம். அவர் பூதக்கண்ணாடி வாங்கி, அட்டையைத் தடவிவிட்டு, நேராகப் பிற்சேர்க்கைக்குப் போனார். அங்கே 1956-ம் வருடத்து ஐந்தொகை ஒன்றை அவள் பெயர்த்து எழுதியிருந்தாள். வரவுப் பக்கம் விரல் வைத்து முணுமுணுத்துக்கொண்டே கூட்டினார். பற்றுப் பக்கம் கூட்டினார். மறுபடி ஒரு தடவை. பிறகு நிமிர்ந்து, "இருபது காசு உதைக்குதே ஆத்தா" என்றார்.

தகரப்பெட்டியைத் திறந்து மூலத் தாளை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தோம். தமிழ் எண்ணில் எழுதியது. நாலாவது வரியில் ௬௦ என்று இருந்ததை அவள் ௪௦ என்று படித்து, 40 என்று அடித்திருந்தாள். ௬-க்கு இருக்கும் வால் மடிப்பில் மங்கிப்போயிருந்தது. நானும் அதற்குப் பென்சில் புள்ளி வைத்திருக்கிறேன். மணி பன்னிரண்டே முக்கால். பிழைதிருத்தம் என்று ஒரு சிறு தாளில் மூன்று படி அடித்து வாங்கி, வரும் வழியில் பசை வாங்கி, பிற்சேர்க்கையின் முதல் பக்கத்தில் ஒட்டினோம். ஒட்டுவதற்கு முன் அவள் ஆட்டோவிலேயே இரண்டு பக்கத்தையும் வாய்விட்டுக் கூட்டினாள், நான் கூடவே கூட்டினேன். நேராக நின்றது.